குடகு: பெயரின் பொருளும் பெயரிட்டவர் நின்ற திசையும்

முன்னுரை

சிலப்பதிகாரத்தையும் பத்துப்பாட்டையும் பாடம் சொல்லும்போது 'குடமலை' என்னும் சொல் வருமிடங்களில் 'குடகு மலை' என்று பொருள் கூறிக் கடந்து செல்வது வகுப்பறை வழக்கம். தமிழகத்திற்கு வெளியே தமிழ் கற்பிக்கும் துறையொன்றில் பணியாற்றும் இக்கட்டுரையாளரும் அவ்வாறே கூறிவந்தவர்தாம். ஒருமுறை, 'குடக்கு' என்றால் மேற்கு, அதனால் அது குடகு என்று விளக்கியபோது, குடகு மாவட்டத்திலிருந்து வந்து பயின்ற மாணவி ஒருவர், "மடிக்கேரியில் நிற்பவருக்கு மடிக்கேரி எப்படி மேற்காகும்?" என்று வினவினார். அவ்வினா எளிய தோற்றம் உடையது. ஆயின் அதற்கு விடை கூற முற்பட்டபோது, இப்பெயர் குறித்துத் தமிழாய்வில் நிலவும் சில முடிபுகள் மறுஆய்வுக்குரியன என்பது புலனாயிற்று.

கருநாடகத்தின் தென்மேற்கில், கேரள எல்லையை ஒட்டி, மேற்குத் தொடர்ச்சி மலையின் மீது அமைந்த நாடு குடகு. தலைக்காவிரி இங்குள்ள பிரமகிரி மலைச்சாரலில் ஏறத்தாழ 1,276 மீட்டர் உயரத்தில் உள்ளது. 1834ஆம் ஆண்டு ஆங்கிலேயர் இதனைத் தம் ஆட்சியில் இணைத்துக்கொண்டனர். விடுதலைக்குப் பின் சில ஆண்டுகள் தனி மாநிலமாக விளங்கி, 1956 நவம்பர் முதல் நாள் மைசூர் மாநிலத்தோடு இணைந்தது. எல்லை நாடாதலின், இதன் பெயரைத் தமிழும் மலையாளமும் கன்னடமும் வடமொழிப் புராணமும் தத்தம் வழியில் விளக்கியுள்ளன. அவ்விளக்கங்களுள் மொழியியல் அடிப்படையில் ஏற்கத்தக்கது எது, அது எதனை மெய்ப்பிக்கிறது, எதனை மெய்ப்பிக்கவில்லை என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வழங்கிவரும் விளக்கங்கள்

குடகின் பெயருக்கு இதுவரை கூறப்பட்டுள்ள காரணங்களை நான்காகத் தொகுக்கலாம்.

முதலாவது, புராண விளக்கம். கந்தபுராணத்தைச் சார்ந்ததாக வழங்கும் காவேரி மாகாத்மியம் இந்நாட்டைக் 'குரோட தேசம்' என்கிறது. குரோடம் என்னும் வடசொல் பன்றியைக் குறிக்கும். சந்திரவர்மன் என்னும் அரசனின் மக்கள், பன்றி தன் கொம்பால் நிலத்தைக் கிளறுவதுபோலத் தம் நகங்களாலேயே மலைநிலத்தைக் கிளறிச் சமன்செய்து குடியேறினர். அதனால் இப்பெயர் வந்தது என்பது கதை.

இரண்டாவது, மக்கள் வழக்கில் உள்ள விளக்கம். 'கொடு' என்னும் வினையும் தாயைக் குறிக்கும் 'அவ்வ' என்னும் சொல்லும் சேர்ந்து, காவிரித்தாய் கொடுத்த நாடு, அத்தாயின் மக்கள் என்ற பொருளில் 'கொடவ' என வந்தது என்பர்.

மூன்றாவது, நிலத்தோற்றம் சார்ந்த விளக்கம். செங்குத்தான, மேடான என்று பொருள்படும் ஒரு கன்னடச் சொல்லிலிருந்து பெயர் பிறந்தது என்று ஆங்கிலேயர் காலத்து நூல்கள் சில கூறின. மலையுச்சியைக் குறிக்கும் 'கோடு' என்பதோடு இணைத்துக் காண்பாரும் உளர்.

நான்காவது, திசை சார்ந்த விளக்கம். மேற்கைக் குறிக்கும் 'குட' என்னும் அடியிலிருந்து 'குடகு' வந்தது என்பது. குண்டர்ட்டின் மலையாள அகராதியை (1872) ஒட்டிச் செல்லும் இவ்விளக்கத்தையே பிற்கால ஆய்வாளர் பலரும் ஏற்றனர். பர்ரோ, எமனோ ஆகிய இருவரும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியும் நாட்டுப்பெயரை இவ்வடியோடு சேர்த்தே காட்டுகிறது.

ஒலியும் சொல்லமைப்பும்

திசை விளக்கத்தை வலுப்படுத்தும் சான்றுகள் இரண்டு. ஒன்று ஒலி பற்றியது. தமிழிலும் மலையாளத்திலும் 'குடகு' என உகரம் பெறும் பெயர், கன்னடத்தில் 'கொடகு' என ஒகரம் பெறுகிறது. இது தற்செயலான திரிபன்று. அடுத்த அசையில் அகரமோ ஐகாரமோ வரும்போது தமிழின் முதலசை உகரத்திற்கு நேராகக் கன்னடத்தில் ஒகரம் வருதல் முறையான மாற்றம். தமிழின் குடம், குடை, புகை, முளை ஆகியவற்றிற்கு நிகராகக் கன்னடத்தில் முறையே கொட, கொடெ, பொகெ (இன்று ஹொகெ), மொளெ என வருதல் காண்க. குடகு - கொடகு இணை இவ்வரிசையில் இயல்பாகப் பொருந்துகிறது. மாறாகக் 'கோடு' என்பதை மூலமாகக் கொண்டால், இரு மொழிகளிலும் நெடிலாகவே நிற்கும் அச்சொல் இப்பெயரில் மட்டும் குறுகியதற்கும், தமிழ் வடிவத்தில் உகரம் வந்ததற்கும் காரணம் கூற இயலாது.

மற்றொன்று சொல்லமைப்பு பற்றியது. தமிழில் 'குடக்கு' எனக் ககரம் இரட்டித்தால் திசை. 'குடகு' என ஒற்றையாய் நின்றால் நாடு. இவ்வேறுபாடு இப்பெயருக்கு மட்டும் உரியதன்று. 'வட' என்னும் அடியிலிருந்து இரட்டித்த 'வடக்கு' திசையையும், ஒற்றைக் ககரம் பெற்ற 'வடுகு' வடபுலத்து மொழியையும் மக்களையும் குறித்தல் இதற்கு நேரிய ஒப்புமை. திசைச்சொல்லிலிருந்து நாட்டுப்பெயர் ஆக்கும் பழைய முறையொன்று இருந்தது என்பதை இவ்விரு இணைகளும் ஒருங்கே காட்டுகின்றன.

இனி, அந்நாட்டு மக்களின் பெயரையும் நோக்கவேண்டும். அவர்கள் தம்மைக் 'கொடவர்' என்றே அழைத்துக்கொள்கின்றனர். தமிழில் குடகு என்பதன் அருகே 'குடவர்' என்னும் மக்கட்பெயர் இருப்பது போலவே, அங்கும் நாட்டுப்பெயரின் அருகே மக்கட்பெயர் உள்ளது. இவ்வொப்புமை அடிச்சொல்லின் ஒருமையை உறுதிசெய்கிறது. ஆயின் சங்க இலக்கியக் குடவரும் இன்றைய கொடவரும் ஒரே மக்கள் என்று இதிலிருந்து முடிவுகட்டுதல் பிழையாகும். பதிற்றுப்பத்தும் பிற நூல்களும் சுட்டும் குடவர், சேரரின் மேற்குப் புலத்து மக்கள். குடக்கோ என்பதும் சேரர்க்குரிய பெயரே. ஒரே திசைச்சொல் ஒன்றுக்கு மேற்பட்ட மக்களுக்குப் பெயராதல் இயல்பு.

குடமலை குடகாகுமா?

இலக்கியங்களில் வரும் 'குடமலை' அனைத்தையும் குடகு எனக் கொள்ளும் உரைமரபை இவ்விடத்தில் மதிப்பிடுதல் வேண்டும்.

பட்டினப்பாலை, புகார் நகரத்துத் தெருக்களில் குவிந்த பொருள்களைப் பட்டியலிடும்போது குடமலையின் சந்தனத்தையும் அகிலையும் குறிப்பிடுகிறது. அப்பட்டியலின் அமைப்பு உற்றுநோக்கத்தக்கது. வடமலையின் பொன்னும் மணியும், குடமலையின் சந்தனமும் அகிலும், தென்கடல் முத்து, குணகடல் துகிர் என நான்கு திசைகளும் அடுத்தடுத்து நிற்கின்றன. இங்கே வடமலை எவ்வாறு வடக்கிலுள்ள மலையோ அவ்வாறே குடமலை மேற்கிலுள்ள மலை. காவிரியின் பயனை இப்பட்டியல் தனியே கூறுவதும் கருதத்தக்கது. ஆகவே இவ்விடத்தில் 'குடகு மலை' என்று உரைகொள்வது, புலவர் கருதிய நாற்றிசை நிறைவைச் சிதைத்து ஒரு மாவட்டத்தின் எல்லைக்குள் சுருக்குவதாகும்.

மலைபடுகடாத்தின் நிலை வேறு. அது காவிரி பிறக்குமிடமாகக் குடமலையைச் சுட்டுகிறது. சொல்லின் பொருள் இங்கும் மேற்குமலையே. ஆனால் அது சுட்டும் இடம் இன்றைய குடகின் எல்லைக்குள் அமைகிறது. சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதையும் குடமலை வளத்தைச் சுமந்து வரும் ஆறாகக் காவிரியைக் காட்டுகிறது. இவ்விடங்களில் 'குடகு' என்று விளக்கம் தருதல் தவறன்று. ஆயினும் சொல்லின் பொருளும் அது சுட்டும் இடமும் ஒன்றெனக் கொள்ளலாகாது. உரையாசிரியர் 'மேற்குமலை' எனப் பொருள் தந்து, 'காவிரி பிறக்கும் குடகுப் பகுதி' என விளக்கம் தருதலே முறை.

காடுகாண் காதையில் வரும் மறையோன் தன் ஊர் குடமலையிலுள்ள மாங்காடு என்கிறான். மாங்காட்டை இன்னதென உறுதிசெய்யும் குறிப்பு அக்காதையில் இல்லை. ஆகவே அவனைக் குடகு நாட்டினன் எனத் துணிந்து கூறும் பாடநூல் விளக்கம், நிறுவப்படாத ஒன்றை நிறுவப்பட்டதாக மாணவர்க்கு அளிப்பதாகும்.

இவற்றினும் சிக்கலானது சிலப்பதிகாரத்தின் வரந்தரு காதையில் வரும் 'குடகக் கொங்கர்' என்னும் தொடர். மேற்கிலுள்ள கொங்கர், குடக நாட்டுக் கொங்கர், குடகரும் கொங்கரும் என மூவகையாக இதனைப் பிரித்துப் பொருள் கொள்ள இடமுண்டு. முதற்பொருளில் இது திசைச்சொல், இரண்டாவதில் நாட்டுப்பெயர், மூன்றாவதில் மக்கட்பெயர். ஒரு தொடரே பெயரின் மூன்று நிலைகளுக்கும் இடந்தருகிறது. இத்தொடரை மட்டும் சான்றாகக் கொண்டு குடகு நாட்டின் தொன்மையை நிறுவ முயல்வோர், மூன்றனுள் தமக்கு ஏற்ற ஒன்றை முன்னரே தேர்ந்துகொண்டு தொடங்குகின்றனர் என்பதை மறத்தலாகாது.

பொதுப்பெயர் சிறப்புப்பெயரான காலம்

திசையைக் குறித்த சொல் மலையைக் குறித்து, பின் குறிப்பிட்ட நாட்டைக் குறிக்கும் சிறப்புப்பெயரானது எக்காலத்தில் என்னும் வினாவிற்குக் கல்வெட்டுகள் ஓரளவு துணைசெய்கின்றன. முதலாம் இராசராசனின் (985-1014) மெய்க்கீர்த்தி அவன் வென்ற நாடுகளுள் 'குடமலை நாடு' என ஒன்றைக் குறிக்கிறது. இதனைக் குடகு என்பாரும் மலபார் என்பாரும் உளர். மெய்க்கீர்த்தியின் நாட்டு வரிசையில் கங்கபாடி, நுளம்பபாடி, தடிகைபாடி என மைசூர்ப் பீடபூமியைச் சார்ந்த நாடுகளுக்கும் கொல்லத்திற்கும் இடையே இது நிற்கிறது. பீடபூமியிலிருந்து மேற்குக் கடற்கரையை நோக்கிச் செல்லும் வழியில் இடைப்படுவது குடகு என்பது நோக்கத்தக்கது.

குடகிலேயே கிடைத்த கன்னடக் கல்வெட்டொன்றும் இதனோடு வைத்து எண்ணத்தக்கது. பனசோகைப் போரில் காட்டிய வீரத்திற்காக மனிஜ என்பவனுக்குச் 'சத்திரிய சிகாமணி கொங்காள்வான்' என்னும் பட்டமும் ஊரும் இராசராசன் ஆணைப்படி அளிக்கப்பட்டதை அது தெரிவிக்கிறது. அதன் காலம் 1004 அளவினது. சோழராட்சி குடகைத் தொட்டது என்பதற்கு இஃது அந்நிலத்துச் சான்று. இவ்விரண்டையும் இணைத்து நோக்கும்போது, மெய்க்கீர்த்தியின் குடமலை நாடு குடகையோ குடகை உள்ளடக்கிய மலைப்பகுதியையோ சுட்டியிருத்தல் கூடும் எனலாம். 'நாடு' என்னும் சொல்லைப் பெற்றதனால், மலையின் பொதுப்பெயர் ஆட்சிப்பகுதியின் பெயராக மாறிக்கொண்டிருந்த நிலையை இது காட்டுகிறது.

நன்னூலுக்கு மயிலைநாதர் வரைந்த உரையில் அகத்தியத்தினது எனக் காட்டப்படும் செய்யுள், தமிழகத்தைச் சூழ்ந்த நாடுகளை எண்ணும்போது கன்னடம், கொங்கணம், துளுவம் ஆகியவற்றோடு குடகத்தையும் தனித்து எண்ணுகிறது. அங்கு மாற்றம் முழுமையுற்றுவிட்டது. குடகம் திசையுமன்று, மலையுமன்று; தனக்கென மொழியுடைய நாடு. அதனைத் தமிழ்நிலத்தின் உட்பகுதியாகக் கொள்ளாமல் சூழ்நிலமாகவே அம்மரபு கருதியது என்பதும் இங்கே நினைவில் நிறுத்தத்தக்கது.

யாருக்கு மேற்கு?

'மேற்கு' என்பது பெயரின் பொருள் எனில், பெயரிட்டவர் கிழக்கே நின்றவராதல் வேண்டும். கண்ணூர்க் கடற்கரையில் நிற்பவருக்குக் குடகு கிழக்கு. வயநாட்டில் நிற்பவருக்கு வடக்கு. மைசூர்ப் பீடபூமியிலோ கொங்கிலோ காவிரிச் சமவெளியிலோ நிற்பவருக்கே அது மேற்குப்புலம். எனினும் தமக்குக் கிழக்கிலுள்ள இந்நாட்டை மலையாளிகளும் குடகு என்றே வழங்குகின்றனர். பெயர் திசைப்பொருளை இழந்து, நிலத்தோடு ஒட்டிக்கொண்ட பின்னரே இது நிகழமுடியும்.

இதற்கு ஒப்பான ஒன்றைக் கால்டுவெல் முன்னரே (1856) எடுத்துக்காட்டியுள்ளார். தமிழில் கீழ், மேல் என்னும் சொற்களிலிருந்து கிழக்கும் மேற்கும் பிறந்தன. கிழக்கே தாழ்ந்தும் மேற்கே உயர்ந்தும் உள்ள நிலத்தில் நின்றவர் படைத்த சொற்கள் அவை. கிழக்கே மலை உயர்ந்து நிற்கும் மலையாள நாட்டிலும் அத்திசை கிழக்கு என்றே அழைக்கப்படுவதைக் கொண்டு, அச்சொல் மலைக்கு இப்பாலிருந்து சென்றது என்று அவர் கருதினார். திசைச்சொல், அதனைப் படைத்தவர் நின்ற இடத்தைத் தன்னுள் பொதிந்து வைத்துள்ளது என்னும் நெறியை இதிலிருந்து பெறலாம்.

கன்னடமோ மேற்கைப் 'படுவண' என ஞாயிறு படுதலை வைத்துக் குறிக்கிறது. 'குட' என்பதன் திசைப்பொருள் அம்மொழி வழக்கில் விளங்காதபோது 'கொடகு' பொருள் புலப்படாத பெயராக நின்றது. பொருள் மறந்த பெயருக்கே கதைகள் பிறக்கின்றன. பன்றிக் கதையும், காவிரித்தாய் விளக்கமும், செங்குத்து நிலம் என்னும் கருத்தும் அவ்வெற்றிடத்தை நிரப்ப எழுந்தவை எனக் கொள்வதே பொருத்தம். இவை ஒலியொப்புமையைத் தவிர வேறு ஆதாரம் இல்லாதவை. 'குரோடம்' என்பதிலிருந்து தமிழ், மலையாள வடிவங்களை வருவிக்க இயலாது. செங்குத்து என்னும் பொருளோ மேற்குத் தொடர்ச்சி மலை நெடுகிலும் பொருந்துவது. இந்நாட்டிற்கு மட்டும் அப்பெயர் அமைந்தமைக்கு அது காரணம் காட்டவில்லை.

எனினும் அவற்றை வெறும் பிழைகள் என ஒதுக்குதல் திறனாய்வாகாது. பன்றிக் கதையில் மக்கள் தம் கையால் நிலத்தைத் திருத்துகின்றனர். காவிரித்தாய் விளக்கத்தில் நிலம் அவர்களுக்குத் தாயால் அளிக்கப்படுகிறது. இரண்டிலும் குடகு நடுவிடம், அம்மக்களே முதன்மையர். மேற்கு என்னும் பொருளிலோ குடகு வேறொரு நடுவிடத்தின் விளிம்பு. வகுப்பறையில் எழுந்த வினாவின் உட்கிடை இதுவே. சொற்பிறப்பு ஒன்றைச் சொல்ல, ஊரார் மற்றொன்றைச் சொல்வதற்கு அறியாமை மட்டுமே காரணம் அன்று. 1924ஆம் ஆண்டு நடிகேரியண்ட சின்னப்பா தொகுத்து வெளியிட்ட 'பட்டோலெ பழமெ' கொடவரின் பாடல்களையும் வழக்காறுகளையும் அச்சில் நிலைநிறுத்தியது. அத்தகைய தொகுப்புகளைத் தமிழாய்வாளர் படிக்காமல், அந்நாட்டின் பெயரைத் தமிழ் நூல்களை மட்டும் கொண்டு விளக்கி முடித்தல் ஒருபுடை ஆய்வாகும்.

வெளியார் இட்ட திசைப்பெயரை ஒரு மக்கள் தமதாக்கிக்கொள்வது அரியதன்று. நீலகிரியில் வாழும் படகரின் பெயர் வடதிசை சார்ந்தது, மைசூர்ப் பகுதியிலிருந்து வந்தமையால் அமைந்தது என்பது பொதுவாகக் கூறப்படும் விளக்கம். இன்று அப்பெயரைத் திசையாக எவரும் கேட்பதில்லை. அது ஒரு மக்களின் பெயர். கொடவர் என்பதும் அவ்வாறே ஆகியிருக்கலாம்.

மற்றொரு வாய்ப்பும் உண்டு. மொழிநூலார் வகுப்பின்படி, குடகு மொழி தென்திராவிடத்தில் கன்னடத்தைவிடத் தமிழுக்கு நெருங்கிய கிளை. ஆகவே 'குட' என்னும் அடி தமிழிலிருந்து அங்குச் சென்ற கடனாக இல்லாமல், இரு மொழிகளும் பிரியுமுன் பொதுவாக இருந்த சொல்லாகவும் இருக்கலாம். அவ்வாறாயின் ஒரு மக்கள்திரளின் மேற்குப்பிரிவினர் தம்மையே மேற்கத்தியர் என்று அழைத்துக்கொண்டிருத்தலும் இயலும். இவ்விரண்டனுள் எது நிகழ்ந்திருப்பினும், குடகின் பெயர் தமிழின் உடைமை என்று உரிமை கொண்டாடுவதற்கு அது இடந்தரவில்லை. உறவைக் காட்டும் சான்றை உரிமைக்குச் சான்றாக்குதல், இடப்பெயராய்வில் நாம் பலகாலும் செய்துவரும் பிழை.

முடிவுரை

குடகு என்னும் பெயர் மேற்கைக் குறிக்கும் 'குட' என்னும் அடியிலிருந்து பிறந்தது என்பதை ஒலிமுறையும் சொல்லமைப்பும் உறுதிசெய்கின்றன. திசை, மலை, நாடு என அது மூன்று நிலைகளைக் கடந்து வந்துள்ளது. ஆகவே பழைய நூல்களின் 'குடமலை'யை எவ்விடத்தும் குடகு எனப் பொருள்கொள்வதைத் தவிர்த்து, மேற்குமலை எனக் கொண்டு, காவிரியின் பிறப்பிடம் போன்ற இடச்சான்று உள்ளவிடத்து மட்டும் குடகைச் சுட்டுதல் உரைநெறியாதல் வேண்டும்.

ரா. பி. சேதுப்பிள்ளையின் 'ஊரும் பேரும்' (1946) தொடங்கித் தமிழில் இடப்பெயராய்வு வளமுற வளர்ந்துள்ளது. 'இப்பெயரின் பொருள் யாது?' என்னும் வினாவோடு 'இப்பெயரை இட்டவர் எங்கே நின்றார்?' என்னும் வினாவையும் அது சேர்த்துக் கேட்டல் வேண்டும். எல்லைப்புறத்து மலைநாடுகளைப் பொறுத்தவரை இரண்டாம் வினாவின்றி முதல் வினாவிற்கு முழுவிடை இல்லை. மடிக்கேரியில் நிற்பவருக்கு மடிக்கேரி மேற்கன்று. மலையடிவாரத்திற்குக் கிழக்கே நின்று பார்த்த ஒருவருக்கு அது மேற்காக இருந்தது. அவர் பார்வை மறைந்த பின்னும் அவர் இட்ட பெயர் நின்றது. அப்பெயரை அந்நிலத்து மக்கள் தம் பெயராக்கிக்கொண்டனர். அம்மாணவிக்கு அன்று தந்திருக்க வேண்டிய விடை இதுவே.